மாதோட்டத்துத் துறையும் கலிலேயாக் கரையும்



தம்புள்ளையிலிருந்து வடக்கே செல்லும் வீதியில் மிகிந்தலையைக் கடந்து, மதவாச்சியில் மேற்கே திரும்பினால் அவ்வீதி மன்னாருக்குப் போகும். எங்கள் சந்தைக்குக் கருவாடு வரும் வழியும் அதுவே. மன்னார்த் தீவுக்குள் நுழையும் பாலத்திற்குச் சற்று முன்னே, பெருநிலத்தின் ஓரத்தில், குதிரை லாடம் போல் வளைந்த ஒரு மண்மேடு உண்டு. அதைச் சுற்றிப் பழைய அகழிகளின் தடம் தெரியும். மேட்டின் நடுவே திருக்கேதீஸ்வரம். இதுதான் மாந்தை. பாளி நூல்கள் மகாதித்த என்றன. நம் நாயன்மார் மாதோட்டம் என்றனர்.

இன்றைய உரைக்கு வேதாகமத்து மீனவர் ஊராகிய கப்பர்நகூமை எடுத்துக்கொள்ளலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவர் கத்தோலிக்கர், நான் சைவன். கப்பர்நகூமைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு நினைவில் வந்தது மாந்தையே. ஆகவே இரண்டையும் சேர்த்துச் சொல்லத் துணிகிறேன்.

கலிலேயாக் கடல் எனப்படுவது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. அதன் வடமேற்குக் கரையில் கருங்கல் வீடுகள் நெருங்கி நின்ற சிற்றூர் கப்பர்நகூம். வலை வீசியவர்களும் சுங்கம் வாங்கியவர்களும் அங்கே வாழ்ந்தனர். நம் பக்கத்துக் கத்தோலிக்கப் பெரியவர்கள் இராயப்பர் என அழைக்கும் பேதுரு வலைஞர். மத்தேயு ஆயத்துறையில் இருந்தவர். ஊர் பிற்காலத்தில் கைவிடப்பட்டு மண்மூடிக் கிடந்தது. 1894இல் பிரான்சிஸ்கன் சபையார் அவ்விடத்தை வாங்கினர். 1968 முதல் நடந்த அகழ்வில், பேதுருவின் வீடு எனப் பழங்காலந்தொட்டுப் போற்றப்பட்ட மனையின் தளத்திலே தூண்டில் முட்கள் கிடைத்தன. அதன்மேல் ஐந்தாம் நூற்றாண்டில் எண்கோண வடிவில் ஒரு கோயில் எழுந்திருந்தது. அருகே யூதரின் தொழுகைக்கூடம், கரிய அடித்தளத்தின்மேல் வெண்கல்லால் எடுக்கப்பட்டது. இரு சமயத்தாரும் ஒரே மண்ணிலே தத்தம் கற்களைக் கண்டெடுக்கின்றனர்.

மாந்தையும் அப்படிப்பட்ட மண்தான். சம்பந்தரும் சுந்தரரும் இத்தலத்தைப் பாடினர். பாலாவிக் கரையையும் கலங்கள் நிறைந்த கடலையும் அவர்கள் காட்டுவது வெறும் அலங்காரமன்று. 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் நடந்த அகழ்வில் சீனத்து மட்கலங்களும் மேற்காசியாவின் மெருகிட்ட கலங்களும் வெளிப்பட்டன. போர் அந்த அகழ்வை இடைநிறுத்தியது. பிற்பட்ட அகழ்வொன்றில் கிடைத்த தானிய எச்சங்களை ஆராய்ந்தோர் 2018இல் வெளியிட்ட கட்டுரையில் மிளகும் ஒரு கிராம்பும் இடம்பெற்றன. கிராம்பு அக்காலத்தில் மலுக்குத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த ஒற்றைக் கிராம்பு!

ஈண்டு ஒன்று சொல்லவேண்டும். சங்க நூல்களில் மாந்தை என்றொரு பட்டினம் வருகிறது. அது சேரருக்குரியது. பெயர் ஒத்திருப்பதால் அதனை நம்முடையதென்று எழுதுவாரும் உளர். இரவல் பெருமை மாதோட்டத்திற்கு வேண்டியதில்லை. முதலாம் இராசராசன் காலத்துத் தாழி குமரன் இங்கே இராசராச ஈச்சரம் எழுப்பினான் என்று கல்வெட்டே கூறுகின்றது. அது போதாதா?

கிறிஸ்தவமும் போர்த்துக்கேயர் கொண்டுவந்த புதுச்சரக்கு மட்டுமன்று. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மாஸ், இத்தீவில் பாரசீகக் கிறிஸ்தவருக்கு ஒரு திருச்சபை இருந்ததென்கிறார். 1912இல் அனுராதபுரத்தில் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையும் அதனோடு பொருந்துகின்றது. அனுராதபுரத்தின் கடல்வாயில் மாதோட்டமே. அவ்வணிகர் இத்துறையில் இறங்கியிருப்பர் என எண்ணுவதில் பிழையில்லை.

இனி முத்து. மத்தேயுவின் நூலிலே, விலையுயர்ந்த ஒரு முத்தைக் கண்டு தன் உடைமை முழுவதையும் விற்று அதை வாங்கிய வணிகனின் உவமை வருகின்றது. மேற்குலகம் முத்தைத் தேடிய கடல்களுள் நம் மன்னார்க் கடலும் ஒன்று. முத்துக் குளிப்பைச் சலாபம் என்பது நம் வழக்கு. சிலாவத்துறை என்ற பெயரும் அதிலிருந்தே வந்ததென்பர். 1905இன் சலாபத்தில் அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா கிடைத்தது. ஆசை கொண்ட ஆங்கிலக் கம்பனியொன்று மறு ஆண்டே பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்துச் சில ஆண்டுகளில் நொடித்துப்போயிற்று. சலாபத்துக்கு இந்து, கத்தோலிக்கர், முஸ்லிம் என எல்லாருமே இறங்கினர். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடற்கட்டி கரையில் இல்லாவிடின் எவரும் மூழ்கமாட்டார். அவனுக்கு அரசே சம்பளம் கொடுத்தது. ஒரு காலத்தில் அப்பணியிலிருந்தவன் கத்தோலிக்கன் என்றும், அதனால் குளியாட்களின் நம்பிக்கை குன்றவில்லை என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் வியந்து எழுதினர். எனக்கு அதில் வியப்பில்லை. பன்னிரண்டு பாகத்திற்குக் கீழே மூச்சடக்கிக் கிடப்பவன் மந்திரக்காரனின் கோயிலை விசாரிக்கமாட்டான்.

நிலத்திலேதான் விசாரணை நடந்தது. 1542 முதல் முத்துக்குளித்துறையில் சமயம் பரப்பிய சவேரியாரை மன்னார் மக்கள் அழைத்தனர். அவர் தாம் வராது ஒரு குருவை அனுப்பினார். பலர் ஞானஸ்நானம் பெற்றனர். பறங்கியரின் கை தன் கரைக்கு நீளுகிறதென்று அஞ்சிய யாழ்ப்பாண அரசன் சங்கிலி, 1544இல் அவர்களைக் கொல்லுவித்தான். அறுநூறு பேர் என்பது மரபு. தோட்டவெளியில் அவர்கள் வேதசாட்சிகளாக இன்றும் வணங்கப்படுகின்றனர். பறங்கியரை எதிர்த்து நின்ற வீரன் என்று சங்கிலியை வகுப்பில் சொல்லி வந்தவன் நான். ஒருமுறை பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி, "சேர், செத்த சனமும் தமிழ்ச்சனம்தானே?" என்று கேட்டாள். அன்றைய பாடத்தை நான் முடிக்கவில்லை.

1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். கேதீஸ்வரம் அழிந்தது, அதன் கற்களே கோட்டைச் சுவரிலுள்ளன என்பது சைவர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. கோட்டைக் கற்களை நானும் தடவிப் பார்த்ததுண்டு. கல் எதுவும் சொல்லவில்லை. 1658இல் ஒல்லாந்தர் வந்தபோது காற்று மறுபக்கம் வீசியது. இப்போது ஒளிந்தோடியவர் கத்தோலிக்கர். மாந்தைக் கோயிலிலிருந்த மாதாவின் திருவுருவைச் சுமந்துகொண்டு இருபது குடும்பங்கள் 1670 அளவில் காட்டுக்குள் சென்றன. அவர்கள் தங்கிய இடமே மருதமடு. 2015 ஜனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் வணங்கிய திருத்தலம் அது. அதன் வேர் மாந்தையில் இருப்பதை நம்மிற் பலர் அறியார். அங்கே கற்பூரம் கொளுத்தும் சைவர்களோ அறிந்திருக்கத் தேவையுமில்லை.

திருக்கேதீஸ்வரம் மீண்ட கதை நீண்டது. 1872இல் ஆறுமுக நாவலர் குரல் கொடுத்தார். 1948இல் திருப்பணிச் சபை தோன்றியது. சேர் கந்தையா வைத்தியநாதன் அதற்காகத் தம்மை ஈந்தார். 1976இல் கும்பாபிஷேகம் நடந்தது. பின்னர் போர் அத்தலத்தை அடியாரிடமிருந்து பல ஆண்டுகள் மறைத்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இக்கடலில் தலைமுறை தலைமுறையாக இறங்கிய குடும்பங்களும் வெறுங்கையோடு புத்தளக் கரைக்குப் போயின. திருக்கேதீஸ்வரத்தில் மீண்டும் கும்பாபிஷேகம் 2022 ஜூலையில் நிறைவேறியது.

அதற்கிடையில் ஒன்று நடந்தது. 2019 மார்ச் 3ஆம் நாள், சிவராத்திரிக்கு முதல்நாள், திருக்கேதீஸ்வரத்துக்குத் திரும்பும் வீதியில் எழுப்பிய வளைவை ஒரு கூட்டம் பிடுங்கி வீழ்த்தியது. வளைவுக்குப் பக்கத்திலேயே மாதா கோயில். செய்தி வந்த இரவு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். இருவருக்கும் சொல்ல வார்த்தை வரவில்லை. "1544" என்றார் அவர். "கோட்டைக் கல்" என்றேன் நான். நெடுநேரம் கழித்து அவர், "அடுத்த ஆவணியில் மடுவுக்குப் போகேக்குள்ள பாலாவியிலும் ஒருக்கா இறங்குவமா?" என்று கேட்டார்.

அந்த ஆண்டு போக முடியவில்லை. ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பின் அவர் மனைவி பயணத்துக்கு உடன்படவில்லை. அதன்பின் நோய்க்காலம் வந்தது. 2022இல்தான் போனோம். பாலாவியில் நீர் நிறைய இருந்தது. நண்பர் கால் நனைத்து, மடித்த வேட்டியைப் பிடித்தபடி, அகழி எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் காட்டினேன்.