மரபணு நீக்கிய அகவித்துகளின் முளைப்புச் சோதனை

மரபணு நீக்கிய அகவித்துகளின் முளைப்புச் சோதனை என்பது, பாக்டீரியா ஒன்றின் குறிப்பிட்ட மரபணுவை நீக்கியபின் அது உருவாக்கும் அகவித்துகளின் முளைக்கும் திறனை, இயல்பான அகவித்துகளுடன் ஒப்பிட்டு அறியும் ஆய்வுமுறை ஆகும். மண்ணில் வாழும் பாசில்லஸ் சப்டிலிஸ் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. இப்பாக்டீரியா சூழலிலுள்ள டி.என்.ஏ.வைத் தானே உள்வாங்கவல்லது என்பதால் மரபணு நீக்கம் எளிது.

பின்னணி

ஊட்டம் குறையும்போது இப்பாக்டீரியா அகவித்தாக மாறி உறங்குநிலையை அடைகிறது. அகவித்தின் உள்ளகத்தில் கால்சியத்துடன் பிணைந்த டைபிகோலினிக் அமிலம் நிறைந்துள்ளது. இது உலர் எடையில் ஏறத்தாழ 10% ஆகும். உள்ளகத்தைச் சுற்றிப் புறணி எனப்படும் பெப்டிடோகிளைக்கன் அடுக்கு உள்ளது. உட்சவ்விலுள்ள ஏற்பிகள் ஊட்டப்பொருளை உணர்ந்ததும் அமிலம் வெளியேறுகிறது. பின்னர் நொதியங்கள் புறணியைச் சிதைக்க, உள்ளகம் நீரை ஏற்றுப் பருக்கிறது.

ஜெர்-ஏ ஏற்பி எல்-அலனைனை உணர்கிறது. ஜெர்-பி, ஜெர்-கே ஆகியவை இணைந்து அஸ்பராஜின், குளுக்கோசு, புருக்டோசு, பொட்டாசியம் அயனி ஆகியவற்றின் கலவைக்குத் துலங்குகின்றன.

செய்முறை

நீக்க வேண்டிய மரபணுவின் இடத்தில், நுண்ணுயிர் எதிர்ப்பியைத் தாங்கும் திறனளிக்கும் மரபணு ஒன்று புகுத்தப்படுகிறது. ஜெர்-ஏ போன்று தொடராக அமைந்த மரபணுக்களில் முதலாவதை நீக்கினால் அடுத்தவையும் தடைபடக்கூடும். எனவே நீக்கிய மரபணுவை வேறோர் இடத்தில் மீண்டும் சேர்த்து, முளைப்புத் திறன் திரும்புகிறதா எனப் பார்ப்பது வழக்கம்.

இயல்பான வகையும் திரிபு வகையும் ஒரே வளர்ப்பூடகத்தில், ஒரே வெப்பநிலையில் வித்தாக்கப்பட வேண்டும். ஏற்பிகளின் அளவே வித்தாக்கச் சூழலைப் பொறுத்து மாறுவதால், இதில் கவனம் தவறினால் ஒப்பீடு பொருளற்றுப் போகும். நீரில் பலமுறை கழுவிய அகவித்துகள் 70 °செ. அளவில் சுமார் 30 நிமிடம் சூடாக்கிக் குளிர்விக்கப்பட்டு, ஊட்டப்பொருள் சேர்க்கப்படுகின்றன. முழுமையாக முளைத்தால் 600 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியடர்த்தி ஏறத்தாழ 60% குறையும். வெளியேறும் டைபிகோலினிக் அமிலம் டெர்பியம் அயனியுடன் சேர்ந்து ஒளிர்வதால், அதனைத் தனியே அளக்கலாம்.

முடிவுகளை விளக்குதல்

வளர்ப்புத் தட்டில் காலனி தோன்றாத அகவித்து இறந்துவிட்டது எனக் கொள்ள முடியாது. இச்சோதனையில் எளிதில் நேரக்கூடிய பிழை இதுவே. மேற்கண்ட மூன்று ஏற்பிகளையும் இழந்த அகவித்துகள் ஊட்டப்பொருளில் மிக அரிதாகவே முளைத்தன. ஆயினும் கால்சியம் டைபிகோலினேட்டால் அவை முளைத்ததை பீட்டர் செட்லோவின் ஆய்வுக்குழு 2000 இல் காட்டியது. ஏற்பி இன்றியும் அடுத்த படிநிலைகள் பழுதின்றி இருந்தன என்பதே இதன் பொருள்.

புறணியைச் சிதைக்கும் சி.டபிள்யூ.எல்-ஜே, ஸ்லீ-பி ஆகிய இரு நொதியங்களையும் இழந்த அகவித்துகளும் காலனி அமைப்பதில்லை. ஆனால் இவை ஊட்டப்பொருளை உணர்ந்து அமிலத்தை வெளியேற்றிவிட்டு, புறணியை உடைக்க இயலாமல் நின்றுவிடுகின்றன. இவற்றின் மேலுறையை நீக்கி லைசோசைம் கொண்டு புறணியைச் சிதைத்தால் மீண்டும் வளர்கின்றன. தட்டை மட்டும் பார்ப்பவருக்கு இவ்விரு திரிபுகளும் ஒன்றுபோலவே தோன்றும். டெர்பியம் அளவீடே அவற்றைப் பிரித்துக் காட்டும்.

பிற பாக்டீரியாக்களில்

நுண்ணுயிர் எதிர்ப்பிச் சிகிச்சைக்குப் பின் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் பாக்டீரியாவில் ஜெர் வகை ஏற்பிகள் இல்லை. குடலிலுள்ள டாரோகோலேட்டு என்னும் பித்த உப்பே இதன் அகவித்துகளை முளைக்கத் தூண்டுகிறது. இதனை உணரும் புரதம் சி.எஸ்.பி-சி என்பது 2013 இல், முளைக்காத திரிபுகளைத் தேடிப் பிரித்தெடுத்த ஆய்வின் வழியே முன்வைக்கப்பட்டது. இப்புரதத்தில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறியபோது, வழக்கமாக முளைப்பைத் தடுக்கும் கீனோடியாக்சிகோலேட்டே அகவித்துகளை முளைக்கச் செய்தது.