புலம்பெயர்வும் உறவுப் பிணைப்பும்

மக்கள் பிறந்த மண்ணை விட்டுப் பெயரும்போது அவர்தம் உறவுப் பிணைப்புகள் என்னாகின்றன? தற்காலச் சமுதாயத்தை ஆராய்ந்த அறிஞர் பலரும் எதிர்கொண்ட வினா இது.

செருமானிய அறிஞர் பெர்டினாண்டு டோனிஸ் 1887ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மனிதக் கூட்டு வாழ்வை இருவகையாகப் பகுத்தார். குருதியுறவும் அயலுறவும் நட்பும் பிணைப்பது ஒன்று; பயன் கருதிய ஒப்பந்தம் பிணைப்பது மற்றொன்று. முன்னது தேய, பின்னது ஓங்குவதே தற்காலத்தின் போக்கு என்பது அவர் கருத்து.

இக்கருத்து முற்றும் பொருந்துமா என்பதை ஆராய, வில்லியம் தாமசும் புளோரியன் சுனானியெக்கியும் எழுதிய நூல் துணைபுரிகின்றது. அமெரிக்காவில் குடியேறிய போலந்து உழவரைப் பற்றிய அந்நூல் 1918 முதல் 1920 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. அதற்கென உழவர்தம் குடும்பக் கடிதங்கள் விலைகொடுத்துப் பெறப்பட்டன. இறைவாழ்த்தில் தொடங்கி, உற்றார் ஒவ்வொருவருக்கும் வணக்கம் கூறுவன அக்கடிதங்கள். பிரிவிலும் குடும்பம் குலையவில்லை என்று உணர்த்துவதே அவற்றின் முதற்பணி எனத் தாமசு கண்டார். பழைய கட்டுப்பாடுகள் தளர்ந்தன என்பது உண்மையே. ஆயினும், அம்மக்கள் தேவாலயமும் பள்ளியும் நோய்க்கும் இறப்புக்கும் உதவும் சங்கங்களும் அமைத்துப் புதிய பிணைப்பை உருவாக்கினர்.

மலாயாவின் வரலாறு மற்றோர் உண்மையையும் காட்டுகின்றது. இரப்பர்த் தோட்டங்களுக்குக் கண்காணிகள் அழைத்துவந்தோருள் பலர் அவர்தம் உறவினரும் ஊராருமே. கண்காணி ஊராருக்கு உறவுமுறையில் மூத்தவர். தோட்ட நிருவாகத்திற்கோ, வேலைக்கு இறங்கும் ஆள்களின் எண்ணிக்கைக்கேற்பத் தலைக்காசு பெறும் பணியாளர். உறவு தேய்ந்தபின் ஒப்பந்தம் தோன்றவில்லை. உறவே ஒப்பந்தத்தின் கருவியாயிற்று! 1938இல் இந்திய அரசு விதித்த தடையால் தொழிலாளரை இவ்வாறு அழைத்துவருதல் முடிவுற்றது. எனினும், எந்த உறவு மக்களைத் தோட்டத்தில் கட்டிவைத்ததோ, அதுவே மாரியம்மன் கோயிலாகவும் தமிழ்ப்பள்ளியாகவும் உருக்கொண்டு அவர்களைத் தாங்கியும் நின்றது. சாதி வேற்றுமையும் அவர்களுடன் கப்பலேறி வந்ததை மறைத்தல் தகாது.

போலந்து உழவர்தம் கடிதங்கள் நூலாயின. “நலம், நலமறிய அவா” எனத் தொடங்கிய நம் முன்னோர் கடிதங்களோ, பல தகரப்பெட்டிகளில் மக்கிப்போயின. சம்பளக் கணக்கும் அரசாங்க அறிக்கையும் ஒப்பந்த வாழ்வை மட்டுமே கூறும். உறவு வாழ்வைக் கூறுவன கடிதங்களும் முதியோர் நினைவுகளுமே. எஞ்சியிருக்கும் ஒரு கடிதத்தையேனும் மாணவர் படியெடுத்துவரச் செய்தல் தமிழாசிரியர் கடமையாகும். அது செய்யாவிடின், நம் முன்னோர் தோட்டத்துப் பேரேட்டில் வெறும் எண்களாகவே எஞ்சுவர்.