வயலுக்குப் பிறந்த அச்சு

போர் முடிந்த 1945இல் ஜேர்மனியில் விமான எஞ்சின் செய்தவர்களுக்கு வேலை இல்லை, சனங்களுக்குச் சாப்பாடு இல்லை. டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் விமான எஞ்சின் பிரிவில் இருந்த அல்பேர்ட் பிரீட்ரிக் இந்த இரண்டு இல்லாமைகளையும் ஒன்றாக வைத்து யோசித்தார். அவர் மனதில் இருந்தது ஒரே ஒரு வண்டி. அது வயலில் உழ வேண்டும். உழுத அதே வண்டி விளைச்சலை ஏற்றிக்கொண்டு மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் சந்தைக்கு ஓடவும் வேண்டும். நான்கு சில்லுகளும் இழுக்க வேண்டும்.

இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் இடையிலான தூரத்தை 1,270 மில்லிமீற்றர் என்று வைத்தார்கள். அது இரண்டு உருளைக்கிழங்கு வரிசைகளின் அகலம். சில்லு வரிசைக்கு நடுவால் ஓட, வண்டியின் வயிறு செடிகளுக்கு மேலால் போக வேண்டும் என்பது கணக்கு. முதல் மாதிரி 1946 ஒக்டோபரில் ஓடியது. அடுத்த மாதமே ‘யூனிமொக்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அந்த வயிற்றை நிலத்திலிருந்து உயர்த்திக் கொடுத்த பாகத்துக்குப் போர்ட்டல் அச்சு என்று பெயர். கிழங்குத் தோட்டத்துக்காகச் செய்யப்பட்ட இந்த அச்சு ஆபிரிக்கப் புதர்க்காடுகளில் கண்ணிவெடி மிதித்தது. இலங்கையின் கிழக்குக்குக் கவச வாகனத்தின் அடியில் வந்தது. இப்போது கதிரவெளிப் பக்கத்துச் சேற்றில் வேறொரு உருவத்தில் இறங்குகிறது.

குண்டு மேலே, சில்லு கீழே

சாதாரண லொறியின் பின்பக்கம் குனிந்து பார்த்தால் இரண்டு சில்லுகளுக்கும் நடுவே ஓர் இரும்புக் குண்டு தொங்கும். டிஃபரன்ஷல் அதற்குள் இருக்கிறது. இந்த வகை அச்சில் சில்லின் நடுவும் அச்சின் நடுவும் ஒரே உயரம். ஆகவே எவ்வளவு பெரிய டயர் போட்டாலும் குண்டின் அடிப்பக்கம் டயரின் பாதி உயரத்துக்குக் கீழேதான் நிற்கும். கல்லோ மரக்குற்றியோ வரம்போ, முதலில் முட்டுவது அந்தக் குண்டு.

போர்ட்டல் அச்சில் ஒவ்வொரு சில்லுக்குப் பின்னாலும் ஒரு சிறு பல்சக்கரப் பெட்டி இருக்கும். அச்சுத்தண்டு மேல் பல்சக்கரத்தைச் சுற்றும். அது கீழே உள்ள பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். சில்லு பூட்டியிருப்பது கீழ்ச்சக்கரத்தில். இதனால் அச்சு முழுவதும் சில்லின் நடுவுக்கு மேலே ஏறிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு இலாபமும் உண்டு. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் வேலையில் ஒரு பங்கு சில்லடியிலேயே நடக்கிறது. முழு முறுக்கையும் டிஃபரன்ஷலும் அச்சுத்தண்டும் தாங்க வேண்டியதில்லை என்பதால் அவற்றைச் சிறிதாகச் செய்யலாம். குண்டு சிறுத்தால் வயிறு இன்னும் உயரும்.

இதற்கு விலையும் கொடுக்க வேண்டும். ஒன்றையொன்று கடிக்கும் இரண்டு பல்சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஆகவே அச்சுத்தண்டு ஒரு பக்கம் சுற்ற, சில்லு மறுபக்கம் சுற்றும். அதைச் சரிக்கட்ட டிஃபரன்ஷலை வழமைக்கு மாறாகத் திருப்பி வைக்க வேண்டும். ஒரு வண்டிக்கு நான்கு பெட்டிகள், நான்கு இடத்தில் ஒயில், நான்கு இடத்தில் சீல்.

யோசனை முழுக்கப் புதிதல்ல. 1940இலிருந்து வந்த ஃபொக்ஸ்வாகன் கூபல்வாகனின் பின் சில்லுகளில் இதே குறைப்புப் பெட்டி இருந்தது. அதே நிறுவனத்தின் பழைய வான்களிலும் 1967 வரை இருந்தது. யூனிமொக் அதை முன்னுக்கும் பின்னுக்கும் போட்டு, வண்டியின் முழு வடிவத்தையும் அதைச் சுற்றிக் கட்டியது.

கடன் போன அச்சு

1948இல் போரிங்கர் என்ற தொழிற்சாலை யூனிமொக்கைச் செய்து விற்கத் தொடங்கியது. 1951இல் டைம்லர்-பென்ஸ் அதை எடுத்துக் காகெனாவ் நகரத்துக்குக் கொண்டுபோனது. கமக்காரர்கள் வாங்கினார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே படைகளும் வந்தன. சேற்றில் புதையாத, கல்லில் முட்டாத வண்டி யாருக்குத்தான் வேண்டாம்? 1955இல் வந்த 404 என்ற படை மாதிரி 64,000க்கும் மேல் செய்யப்பட்டது. உழவுக்காக வரைந்த அச்சு, எண்ணிக்கையில் பார்த்தால், படைமுகாம்களில்தான் பெருகியது.

1977இல் ஐக்கிய நாடுகள் சபை தென்னாபிரிக்காவுக்கு ஆயுதத் தடை விதித்தது. நமீபியா, அங்கோலா எல்லையில் அந்த நாட்டுப் படை அப்போது கண்ணிவெடிகளில் சிக்கித் தவித்துக்கொண்டிருந்தது. 1978இல் அது இறக்கிய வாகனம் பஃபல். அடியில் இருந்தது யூனிமொக் 416இன் சேஸியும் அச்சுகளும். மேலே சாரதிக்கு ஒரு கூடு, பத்துப் படையினருக்குத் திறந்த பெட்டி ஒன்று. பெட்டியின் அடி ‘வி’ வடிவில் சரிந்திருந்தது, வெடியின் வீச்சைப் பக்கவாட்டுக்குத் திருப்பிவிட. ஒவ்வொரு டயருக்குள்ளும் ஏறக்குறைய 500 லீற்றர் தண்ணீர் நிரப்பினார்கள், வெடிக்கும் வேகத்தை அது கொஞ்சம் விழுங்கும் என்று.

இந்த வகை வாகனத்தில் அச்சுக்குக் கிடைத்த வேலையைக் கவனிக்க வேண்டும். கண்ணிவெடியை மிதிப்பது சில்லு. சில்லும் அதன் பெட்டியும் பிய்ந்து போகட்டும், மேலே இருக்கும் ஆட்கள் தப்பட்டும் என்பதுதான் திட்டம். பிய்ந்ததைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். செடியை மிதிக்காமல் இருக்கச் செய்த பாகத்தை இப்போது வெடியை மிதிப்பதற்கு வைத்தார்கள். உயரம் காப்பாற்றியது, அதே உயரம் கவிழ்த்தும் விட்டது. பாரம் மேலே நின்றதால் வளைவுகளில் குடைசாயும் குணம் பஃபலுக்குக் கடைசிவரை போகவில்லை.

கிழக்கு வீதியில் பவல்

1980களில் இலங்கை இராணுவம் இந்த வாகனங்களை வாங்கியது. தமிழ்ச் சனங்களின் வாயில் அது ‘பவல்’ ஆனது. வாங்கிக் கட்டுப்படியாகாது என்று கண்டதும் இராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் படைப்பிரிவு அந்த அமைப்பைப் பார்த்து உள்ளூரிலேயே ‘யூனிகோர்ன்’ என்ற வாகனத்தைக் கட்டியது. பின்னர் ‘யூனிபஃபல்’ வந்தது.

பவல் வந்த கிழக்கில், வாகரைப் பிரதேசத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது கதிரவெளி. கிழக்கே கடல், மேற்கே வயலும் காடும். வடக்கே மட்டக்களப்பையும் திருகோணமலையையும் பிரிக்கும் வெருகல் ஆறு, மகாவலியின் ஒரு கிளை. ஊரை ஊடறுத்துப் போவது ஏ-15 வீதி. பாலங்கள் வருவதற்கு முன் அந்த வீதியில் திருகோணமலை போகிறவர்கள் ஆற்றுக்கு ஆறு, களப்புக்குக் களப்பு மிதவைப் பாதையில் ஏறி இறங்கினார்கள். கிண்ணியாவில் பாலம் திறந்ததே 2009 ஒக்டோபரில்தான்.

2004 மார்கழியில் கடல் வந்தது. 2006 நவம்பர் 8இல், இடம்பெயர்ந்த சனங்கள் தங்கியிருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தின் மேல் ஷெல் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2007 தையில் வாகரை இராணுவத்தின் கைக்குப் போனது. ஊர் திரும்பியவர்களுக்கு முன்னால் வயல் இருந்தது, வயலுக்குள் என்ன இருக்கிறது என்ற பயமும் இருந்தது. மீற்றர் மீற்றராக நிலத்தைத் துழாவிய பிறகு, 2017 ஜூனில் மட்டக்களப்பு நாட்டிலேயே முதலாவது கண்ணிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. வெடியை மிதிக்க ஓர் அச்சு வேண்டும் என்ற தேவை இங்கே அன்றோடு தீர்ந்தது.

அச்சு மாற்ற நினைப்பவருக்கு

படைகள் கழித்துவிட்ட யூனிமொக் 404களின் அச்சுகள் மேற்கு நாடுகளில் பழைய இரும்புச் சந்தைக்கு வந்தன. காட்டுப்பாதை ஓட்டும் ஆசைக்காரர்கள் அவற்றை வாங்கித் தங்கள் ஜீப்பிலும் லொறியிலும் பூட்டினார்கள். இங்கேயும் பழைய லாண்ட் ரோவரையோ ஹைலக்ஸையோ வைத்துக்கொண்டு கனதியான அச்சுக்கு ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் மெல்லத் திறந்தது. இருக்கும் வண்டியையே மாற்றிக் கட்டும் எண்ணம் அந்த ஆண்டுகளில் பலருக்கு வந்ததில் வியப்பில்லை.

வெல்டிங்கைத் தொடுவதற்கு முன் கடதாசியில் முடிக்க வேண்டிய வேலை நிறைய உண்டு. முதலில் விகிதம். 404 அச்சின் மொத்த விகிதம் 7.56. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று, நேரடிக் கியர், ஒரு மீற்றர் உயர டயர் என்று வைத்தால் சில்லு நிமிடத்துக்கு 397 முறை சுற்றும். வேகம் மணிக்கு 75 கிலோமீற்றர். 4.1 விகிதம் உள்ள சாதாரண அச்சில் அதே வண்டி 138இல் ஓடும். காட்டுக்கு 75 தாராளம். கொழும்புக்குப் போகிறவர் எஞ்சினைக் கதறவிட வேண்டியதுதான். முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதமாக இருப்பது கட்டாயம். பின்னுக்கு மட்டும் போர்ட்டல் போட்டு முன்னுக்குப் பழையதை விட்டால், நான்கு சில்லு இழுவையைப் போட்ட நேரம் முன்பக்கம் ஒரு வேகத்திலும் பின்பக்கம் வேறு வேகத்திலும் சுற்றப் பார்க்கும்.

அடுத்தது தாங்கும் முறை. 404இல் அச்சின் முறுக்கை ஒரு தடித்த குழாய் முன்னோக்கித் தாங்குகிறது. எஞ்சினின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுவரும் ஓடுதண்டு அந்தக் குழாய்க்குள் சுற்றுகிறது. வேறு வண்டிக்கு அச்சைக் கொண்டுபோகும்போது குழாயை வெட்டி எறிந்துவிடுவார்கள். அந்த முறுக்கு எங்கும் போகாது. அதைத் தாங்கக் கம்பிகளை அளந்து வைக்காவிட்டால் பாரம் ஏற்றி முதல் ஏற்றத்தில் அச்சு தானே உருளப் பார்க்கும். சில்லு பூட்டும் நட்டும் ஒத்துவராது. 404இல் 205 மில்லிமீற்றர் வட்டத்தில் ஆறு, லாண்ட் ரோவரில் 165.1இல் ஐந்து. பிரேக்கும் பழைய மாஸ்டர் சிலிண்டரால் நிற்குமா என்று பார்க்க வேண்டும். வண்டியின் உயரம் கூடிய அளவுக்குப் பாரமும் மேலே ஏறியிருக்கும், பஃபல் கவிழ்ந்த காரணம் இங்கேயும் பொருந்தும். இவற்றோடு சட்டமும் உண்டு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கும் நாட்டில் அச்சையே மாற்றிவிட்டு மோட்டார் போக்குவரத்து ஆணையாளருக்குத் தெரிவிக்காமல் வீதியில் ஓட முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி, வண்டி எங்கே உடைய வேண்டும் என்பது. காட்டுக்குள் போகும் வண்டி ஏதோ ஓரிடத்தில் உடையத்தான் செய்யும். மெல்லிய அச்சு உள்ள ஜீப்பில் அச்சுத்தண்டு முறியும். உடையாத அச்சைப் பூட்டினால் உடைவு அடுத்த மெலிந்த இடத்துக்கு, ஓடுதண்டின் குறோஸ் ஜொயின்ட்டுக்குப் போகும். அது நல்லது. வெளியே இருக்கிறது, விலை குறைவு, ஸ்பானர் இருந்தால் மரநிழலில் மாற்றலாம். அதையும் மொத்தமாகப் போட்டால் உடைவு கியர் பெட்டிக்குள் போய்விடும். அப்போது வண்டியைக் கட்டி இழுக்க இன்னொரு வண்டி வேண்டும். கனதியான அச்சு பூட்டுவது உடைவை ஒழிப்பதற்கல்ல, மலிவான இடத்துக்கு அதை நகர்த்துவதற்கு. பஃபலைக் கட்டியவர்களும் இதே கேள்விக்குத்தான் சில்லு என்று பதில் வைத்திருந்தார்கள்.

மறுபடி சேறு

கதிரவெளிப் பக்கத்தில் பெரும்போக உழவில் மழை பிடித்துக்கொண்டால், வயலுக்குள் இறங்கும் மிசின் எது, வரம்பில் நின்று பார்க்கும் மிசின் எது என்பது வெளிச்சமாகிவிடும். நான்கு சில்லும் இழுக்கும் குபோட்டா போன்ற ஜப்பானிய உழவு இயந்திரங்களின் முன் அச்சைச் சேறு கழுவிய பிறகு பார்க்க வேண்டும். நடுக்குழாய் உயரத்தில் ஓடுகிறது. இரு முனையிலும் அது கீழே இறங்கி, ஒரு பெட்டிக்குள் போய், அங்கிருந்து சில்லைப் பிடிக்கிறது. உள்ளே கூம்புப் பல்சக்கரங்கள். மேலே ஒரு சோடி, கீழே ஒரு சோடி, நடுவில் நிமிர்ந்து நிற்கும் தண்டு. பல்சக்கரத்தின் வடிவம் மாறியிருக்கிறது, யோசனை 1946இன் யோசனைதான். வயிறு உயர்ந்திருப்பதால் சேறும் வரம்பும் அச்சில் இழுபடுவது குறைகிறது. நிமிர்ந்த தண்டைச் சுற்றிச் சில்லு நன்றாக மடங்குவதால் சிறிய வயலின் மூலையிலும் திரும்பிவிடலாம்.

இந்த அமைப்பு உடைவதற்கு வைத்திருக்கும் இடம் சீல். மணிக்கணக்காகச் சேற்றுக்குள் நிற்கும் பெட்டிக்குள் தண்ணீர் போகாமல் காப்பது அந்த ரப்பர் வளையம் மட்டும்தான். உழவு முடிந்த ஒரு நாள் மிசினின் முன்பக்கத்தைக் கட்டையில் ஏற்றி வைத்து, பெட்டியின் அடியில் இருக்கும் நட்டை மெக்கானிக் ஒருவர் கழற்றினார். தகரத்துக்குள் விழுந்த ஒயில் பால் தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மனே, இப்பிடி வெளுத்து வந்தா சீல் போயித்து. தண்ணி உள்ளுக்கு. இப்பவே மாத்தினா சீல் காசோட போகும். அடுத்த போகம் வரைக்கும் விட்டா பல்லுச்சக்கரக் காசு.”

அவர் சொன்ன கணக்கு யூனிமொக் அச்சு பூட்ட நினைப்பவருக்கும் அப்படியே செல்லும். நான்கு பெட்டி என்றால் நான்கு சீல், எல்லாம் காகெனாவ் அளவில். அச்சின் விலையைக் கேட்பவர்கள் அந்தச் சீல் வாழைச்சேனையில் கிடைக்குமா என்றும் கேட்டுவிட்டுக் காசைக் கொடுப்பது நல்லது.