டிக்கெட்டோடு வந்தவர்களுக்கு ‘கள்ளத்தோணி’ என்று பேர்

மலையகத்தில் பிறந்த யாருக்கும் இரண்டு சொற்களைப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. ஒன்று ‘கள்ளத்தோணி’. மற்றது ‘தோட்டக்காட்டான்’. முதல் சொல் சிங்களத்திலும் புழங்கியது, தமிழிலும் புழங்கியது. இரண்டாவது முழுக்கத் தமிழ். தமிழர் தமிழரைப் பார்த்துச் சொன்னது.

ஒரு மனுசர் இன்னொரு மனுசரை ஏன் இப்படி இளக்காரமாகப் பார்க்கிறார்? “மனுச குணமே அப்படித்தான்” என்று சொல்லிவிட்டுப் போகலாம். நம்ம மலைகளின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இங்கே வெறுப்புக்கு முன்னால் எப்போதும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது: நிலக் கணக்கு, கூலிக் கணக்கு, வாக்குக் கணக்கு.

முதலில் அந்த ‘கள்ளத்தோணி’யைப் பார்ப்போம். கோப்பிக் காலத்தில் நம் மூதாதையர் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பசியிலும் காலராவிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். இருபதாம் நூற்றாண்டில் வந்தவர்கள் தமிழ்நாட்டில் இலங்கை அரசு நடத்திய மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்து, பதிவு செய்யப்பட்டு வந்தார்கள். தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லைதான் அவர்களின் டிக்கெட். 1914க்குப் பிறகு தனுஷ்கோடியிலிருந்து கப்பல், தலைமன்னாரிலிருந்து ரயில். அரசாங்கமே எண்ணி, எழுதி, ஏற்றிக்கொண்டு வந்த சனம் இது. பின்னாளில் சட்டவிரோதமாகக் கடல் தாண்டியவர்களுக்கு வைத்த பேரைத் தூக்கி இந்த மொத்தச் சனத்தின் மேலும் ஒட்டிவிட்டார்கள்.

அடுத்தது நிலம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காட்டு நிலத்தையும் சேனை நிலத்தையும் முடிக்குரியது என்றது. கண்டிச் சிங்களக் கிராமத்தவரிடம் பத்திரம் எங்கே இருந்தது? அந்த மலைகள் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. பள்ளத்தில் நின்று மேலே பார்த்த கிராமத்தவர் கண்ணுக்கு மலையை வாங்கிய லண்டன் கம்பெனி தெரியவில்லை. மலைமேல் நின்ற தமிழ்க் கூலிதான் தெரிந்தார்.

அந்தக் கூலியும் சுகமாக இருக்கவில்லை. 10 அடிக்கு 12 அடி காம்பராவில் ஒரு குடும்பமே படுத்தது. கங்காணியிடம் பட்ட கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கடன் விவரம் எழுதிய ‘துண்டு’ கையில் இருந்தால்தான் நகரலாம். அந்த முறையை 1921இல்தான் சட்டம் ஒழித்தது. கிராமத்துக்கும் லயத்துக்கும் இடையில் ஒரு கூப்பிடு தூரம்தான். ஆனால் மொழி வேறு, பள்ளிக்கூடம் வேறு, கோயில் வேறு. பழகாத இடத்தில் பயம் வளர்வது லேசு.

பிறகு வாக்கு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. தலவாக்கலையில் ஜெயித்தவர் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. மற்றத் தொகுதிகள் சிலவற்றில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகள் பக்கம் விழுந்தன. மறு வருசமே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 பாராளுமன்றத்தில் மலையகத் தமிழர் ஒருவர்கூட இல்லை. ‘அந்நியர்’, ‘இந்தியாக்காரர்’ என்ற பேச்செல்லாம் இந்தக் கணக்கை நியாயப்படுத்தத்தான் உதவியது.

தமிழர் பக்கம் என்ன நடந்தது? தோட்டத்து ஆபீஸ்களில் கிளாக்கராக இருந்த பலர் யாழ்ப்பாணத்தவர். மொழி ஒன்று, ஆனால் சாதியும் படிப்பும் பதவியும் நடுவில் நின்றன. 1911 குடிசனக் கணக்கெடுப்பு ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று தனித்தனியாக எழுதி அந்தக் கோட்டை இன்னும் அழுத்தியது. பிரஜாவுரிமைச் சட்டம் வந்த அதே 1948இல் ஜீ.ஜீ. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். அந்தச் சனத்திடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே ‘இந்தியாக்காரன்’ என்று கேட்டவர்கள், கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போய் இறங்கியதும் ‘சிலோன்காரன்’ ஆனார்கள்.

இனி நம்ம லயத்துக்குள்ளயும் பார்க்கணும். துரைக்குக் கீழே கணக்கப்பிள்ளை, அவருக்குக் கீழே கங்காணி, அவருக்குக் கீழே தொழிலாளி. குடியானச் சாதிக்கு ஒரு லயம், பள்ளர், பறையர், சக்கிலியருக்கு வேறு லயம். எல்லாருக்கும் கீழே கூடை சுமக்கிற பொம்பள. ஆணுக்குச் சமமான சம்பளம் அவருக்குக் கிடைத்தது 1984இல்தான். மேலேயிருந்து வாங்கிய அவமானத்தைக் கீழே தள்ளிவிட ஒவ்வொரு படியிலும் ஒரு ஆள் கிடைத்தார். இந்த ஏணி இவ்வளவு காலம் விழாமல் நின்றதுக்கு அதுதான் காரணம்.

எல்லாரும் அப்படியே இருக்கவில்லை என்பதும் வரலாறுதான். 1937இல் பிரேஸ்கேர்டில் என்ற இளம் தோட்டத்துரை சமசமாஜிகளோடு சேர்ந்து, தொழிலாளர் பக்கம் நின்று நாவலப்பிட்டியில் பேசினார். 48 மணித்தியாலத்துக்குள் நாட்டைவிட்டுப் போ என்று தேசாதிபதி உத்தரவு போட்டார். உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிசாரால் சுடப்பட்டு இறந்தார். அந்தப் போராட்டத்தில் சிங்கள இடதுசாரிகள் கூட நின்றார்கள். 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சிங்கள உறுப்பினர்களும் உண்டு. ஒரு துரை கூலி பக்கம் வந்து நின்றதுக்கே ஆட்சி அவ்வளவு பதறியது என்றால், இந்தப் பிரிவினை யாருக்குத் தேவைப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

2003இல் வந்த சட்டம் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டியது. சொல் மட்டும் போகவில்லை. கொழும்பில் வேலை பார்க்கிற நம்ம பிள்ளைகளிடம் ஊர் கேட்டால் “ஹட்டன்” என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். தோட்டத்தின் பேர் வாயில் வருவதில்லை. அவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வெட்கம், மலையைப் பிடுங்கியவருக்கும் வாக்கைப் பறித்தவருக்கும் வந்திருக்க வேண்டியது.

அடுத்த முறை அந்தச் சொல்லைக் கேட்டால் கோபப்படுவதோடு நிற்க வேண்டாம். இதால் யாருக்கு லாபம் என்று கேட்போம். அதே கேள்வியை, பக்கத்து லயத்துப் பிள்ளையைச் சாதி சொல்லிக் கூப்பிடுகிற நம்ம வீட்டுப் பெரியவரிடமும் கேட்போம். அங்கே கேட்கிறதுதான் கஷ்டம். முதல்ல கேட்க வேண்டியதும் அங்கேதான்.