ஓட்டுக் காளானின் நாற்பது ஆண்டுகள்

பட்டுப்போன மரத்தில் கூரை வேய்ந்ததுபோல் அடுக்கடுக்காக வளரும் ஒரு காளானை ஜப்பானியர் கவாரதாக்கே என்கிறார்கள். ஓட்டுக் காளான் என்று பொருள். அதிலிருந்து எடுத்த கிரெஸ்டின், புற்றுநோய் மருந்தாக 1977இல் ஜப்பானிய அரசின் ஒப்புதலைப் பெற்றது. மருத்துவர்கள் சீட்டு எழுதினார்கள், காப்பீடு பணம் கொடுத்தது. எண்பதுகளில் அந்நாட்டில் மிகுதியாக விற்ற புற்றுநோய் மருந்துகளில் அதுவும் ஒன்று. 2017இல் அதன் விற்பனை நின்றது. நாட்டு வைத்தியத்தின் வெற்றி என்று சிலரும், நாற்பது ஆண்டு ஏமாற்று என்று சிலரும் இக்கதையைச் சொல்வதுண்டு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. அந்த நாற்பது ஆண்டும் காளானின் குணம் ஒன்றாகவே இருந்தது. ஒரு மருந்திடம் மருத்துவம் கேட்கும் சான்றுதான் மாறியது.

தொடக்கம் எலிகளில். டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மைய ஆய்வகத்தில் இக்கேகவா தெட்சுரோவும் சிஹாரா கோரோவும் சமையல் காளான்களை வெந்நீரில் வடித்து, சார்கோமா 180 என்ற கட்டியை ஒட்டிவைத்த எலிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். ஷிட்டாக்கே காளானின் வடிநீர் கட்டியின் வளர்ச்சியை 80 விழுக்காட்டுக்கு மேல் தடுத்ததாக 1969இல் அறிவித்தார்கள். அதிலிருந்து பிரித்த லென்டினான் 1985இல் ஊசி மருந்தாக ஒப்புதல் பெற்றது. ஓட்டுக் காளானைக் கையில் எடுத்ததோ, சமையலறையில் உணவைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளும் செய்துவந்த குரேஹா என்ற வேதியியல் நிறுவனம். எலிக் கணக்கில் ஒரு சிக்கல் இருந்தது. சார்கோமா 180 வெளியிலிருந்து ஒட்டிய அந்நியக் கட்டி. எதிர்ப்பாற்றலைக் கொஞ்சம் தூண்டிவிட்டாலே எலியின் உடல் அதைத் தள்ளிவிடக்கூடும். மனிதருக்கு வரும் புற்று அவருடைய சொந்தச் செல்லிலிருந்தே முளைப்பது, அவ்வளவு எளிதில் விரட்டப்படுவதில்லை. காளானின் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைத் தொடரை நம் வெள்ளணுக்கள் டெக்டின்-1 என்ற ஏற்பி வழியாக அடையாளம் காண்கின்றன என்பது 2001இல்தான் தெரியவந்தது. தூண்டுதல் உண்மை என்பதற்கு அது சான்று. தூண்டினால் ஆயுள் நீளுமா என்பதற்கு அது விடை ஆகாது.

அந்தக் கேள்வியை ஜப்பானிய அரசே 1989இல் கேட்டது. மறு ஆய்வின் முடிவில், கிரெஸ்டினைத் தனியாகத் தர வேண்டாம், கீமோதெரபியோடு மட்டுமே தரலாம் என்று வரம்பு கட்டியது. அப்படியானால் வெறும் ஏமாற்றுதானே என்று கேட்கலாம். 1994இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு அப்படிச் சொல்ல விடவில்லை. இரைப்பைப் புற்றை அறுவையால் அகற்றிய 262 பேரில், கீமோதெரபி மட்டும் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினரும், அதோடு கிரெஸ்டினும் பெற்றவர்களில் 73 விழுக்காட்டினரும் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தார்கள். 2007இல் எட்டு ஆய்வுகளின் 8009 நோயாளிகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, இறப்பு அபாயம் சுமார் 12 விழுக்காடு குறைந்திருந்தது. சிறிய பயன்தான், ஆனாலும் பயன். அதே 2007இல் எஸ்-1 என்ற கீமோதெரபி மாத்திரை, இரைப்பைப் புற்று அறுவைக்குப் பின் எதுவும் தராமல் விட்டவர்களோடு ஒப்பிடப்பட்டு, மூன்றாண்டு உயிர்வாழ்வை 70இலிருந்து 80 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. கிரெஸ்டினுக்குத் துணை நின்ற பழைய கீமோதெரபி முறை அதன்பின் ஓரங்கட்டப்பட, கிரெஸ்டினும் கூடவே ஓரமானது.

இயற்கைப் பொருள் என்பதால் மருந்து முதலாளிகள் அமுக்கிவிட்டார்கள் என்பது நெடுநாள் குற்றச்சாட்டு. கிரெஸ்டினைத் தொட்டிகளில் வளர்த்து, வடித்து, விற்றுச் சம்பாதித்தவர்களே மருந்து முதலாளிகள்தாம். அமுக்குவதால் அவர்களுக்கு நட்டமே தவிர லாபமில்லை. பக்கவிளைவு குறைவுதானே, சாப்பிட்டால் என்ன என்பது இன்னொரு வாதம். கீமோதெரபியோடு சேர்த்துச் சாப்பிடுபவர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. அதைத் தள்ளிவைத்துவிட்டுக் காளான் பொடியை நம்புபவர் இழப்பது சிகிச்சைக்குரிய காலத்தை. பொடி விற்பவர் லான்செட் ஆய்வைச் சான்றாகக் காட்டினால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த 262 பேரும் அறுவை செய்துகொண்டவர்கள், இரு பிரிவினருக்குமே கீமோதெரபி தரப்பட்டது. காளானை மட்டும் உண்ட பிரிவு அந்த ஆய்வில் இல்லை.