வலப்பக்க இருதயமும் ஒரு குடற்கட்டியும்

மலையகத்தில் இருதய வால்வு நோய் என்றதும் நினைவுக்கு வருவது வாதக் காய்ச்சலே. நெருக்கமான லயக் காம்பராக்களில் பிள்ளைகளிடையே பரவும் தொண்டை அழற்சி, கவனியாது விடப்படின், அக்காய்ச்சலாக முற்றி வால்வுகளைச் சிதைக்கக்கூடும். அது பெரும்பாலும் தாக்குவது இருதயத்தின் இடப்பக்கத்தை. வலப்பக்கத்தை நாடிச் செல்லும் அரியதொரு நோயும் உண்டு. அதன் வேர் பெரும்பாலும் குடலில் இருக்கிறது. இவ்வுண்மை விளங்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது.

1907ஆம் ஆண்டில், ஜேர்மனியின் மியூனிக் நகரில், சீக்பிரீட் ஓபர்ண்டோர்பர் என்னும் நோயியல் அறிஞர் சிறுகுடலில் தோன்றும் சின்னஞ்சிறு கட்டிகளை ஆராய்ந்தார். புற்றைப் போன்றிருப்பினும் தீங்கற்றவை எனக் கருதி, அவற்றுக்குக் "கார்சினாய்டு", அதாவது புற்றுப்போலி, எனப் பெயரிட்டார். பின்னர், 1929இல், அவை கொடியனவாகிப் பரவவும் கூடும் எனத் தம் கூற்றைத் தாமே திருத்தினார். அவர் யூதர், நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் பதவியை இழந்து, இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் புகல் பெற்றார். 1944இல் அந்நகரிலேயே மறைந்தார்.

தாம் பெயரிட்ட கட்டி இருதயத்தையும் கெடுக்கும் என்பதை அவர் அறிந்திலர். 1948இல் அமெரிக்க அறிஞர் குருதியிலிருந்து செரோட்டோனின் என்னும் ஓமோனைப் பிரித்தெடுத்தனர். 1953இல் லெம்பெக் என்பார் அதனைக் கார்சினாய்டுக் கட்டியினுள் கண்டார். 1954இல் சுவீடனைச் சேர்ந்த தோர்சன், பியோர்க், பியோர்க்மன், வால்டன்ஸ்ட்ரோம் ஆகிய நால்வர், திடீர் முகச்சிவப்பு, ஓயாத வயிற்றோட்டம், இழுப்பு, வலப்பக்க வால்வுச் சிதைவு ஆகிய யாவும் ஒரே நோயின் குறிகள் என விளக்கினர்.

வலப்பக்கம் மட்டும் ஏன் கெடுகிறது? குடலிலிருந்து வரும் குருதி முதலில் ஈரலை அடைகிறது. செரோட்டோனினை ஈரல் அழித்துவிடுகிறது. கட்டி ஈரலுக்கே பரவிவிட்டால் அக்காவல் குலைகிறது. ஓமோன் நேரே வலப்பக்க இருதயத்துட் புகுகிறது. அங்குள்ள வால்வுகள் நார்படிந்து தடித்து, செவ்வனே திறக்கவும் மூடவும் மாட்டாமற் போகின்றன, கால் வீங்குகிறது, வயிற்றில் நீர் கட்டுகிறது. அடுத்த காவலாகிய நுரையீரல் எஞ்சிய செரோட்டோனினை அழிப்பதால், இடப்பக்கம் பெரும்பாலும் தப்புகிறது.

இன்று அவ்வோமோனை அடக்கும் ஊசிமருந்துகள் உள. வால்வை மாற்றும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. ஆனால் நோய் உரிய காலத்தில் அறியப்படல் வேண்டும். கொழுந்தெடுக்கும் தாயொருத்திக்கு முகம் கொதித்தால் வெயில் என்கிறோம். வயிறு கழிந்தால் உணவு என்கிறோம். மூச்சிரைத்தால் மலைக்குளிர் என்கிறோம். கால் வீங்கினால் நாள்முழுதும் நின்ற களைப்பு என்கிறோம். பெரும்பாலும் அப்படியே இருக்கலாம். எனினும் இவை விட்டு விட்டு மாதக்கணக்கில் தொடருமாயின், ஒரு நாட் சம்பளம் போயினும் போகட்டும். வைத்தியசாலைக்குச் சென்று, அன்றைய நோவை மட்டும் கூறாது, எல்லாவற்றையும் ஒருசேர எடுத்துச் சொல்லுங்கள். தனித்தனியே நின்ற குறிகளைச் சேர்த்துப் பார்த்தமையாலன்றோ 1954இல் இந்நோய் புலப்பட்டது!