கதவு வாங்கிய சம்மன்

1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. பிரதிவாதி அகப்படாவிட்டால், அவரோடு வசிக்கும் வயதுவந்த ஆணிடம் சம்மனைக் கொடுக்கலாம். வீட்டில் பெண்கள் மட்டுமே இருந்தால் அமீனா கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். நீதிமன்றம் ஒப்பினால் அதுவும் சேர்ப்பித்ததாகவே கொள்ளப்படும். கதவு வாங்கலாம், கதவைத் திறந்தவள் வாங்கக் கூடாது!

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு அச்சட்டம் 1968இல்தான் நீட்டிக்கப்பட்டது. காரைக்காலின் தென்கோடியில், நாகூரை ஒட்டியிருக்கிறது கீழவாஞ்சூர். அங்கே பெண் கொடுப்பதும் எடுப்பதும் மாநில எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. அப்பன் வீட்டுச் சொத்து வழக்கு காரைக்கால் கோர்ட்டில் நடக்கும். அவள் வாழ்வது நாகூரில்.

'ஆணோ பெண்ணோ' என்று அவ்விதியைத் திருத்தியது 1976இல். குற்றவியல் நடைமுறைச் சட்டமோ 1973இல் புதிதாக எழுதப்பட்டபோதும் ஆணையே கேட்டது. 2024 ஜூலை 1இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அப்படித்தான். ஜீவனாம்ச வழக்கும் அதன் கீழ்தான் நடந்தது. கணவனுக்கான சம்மனை அவன் தம்பி வாங்கலாம், அம்மா வாங்க முடியாது.

ஆளில்லாமல் பிறந்த தீர்ப்பை நீக்கக் கேட்க 30 நாள். சம்மன் முறையாகச் சேரவில்லையென்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். அதுவும் கடந்தால், காலவரையறைச் சட்டம் 5ஆம் பிரிவின்படி தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். மன்னிப்பு என்ற அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. சொல்லப்படாதவள் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்?

தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போன பாலகிருஷ்ணன் வழக்கில் தாமதம் 883 நாள். 1991இல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அதை நீக்கக் கேட்ட மனுவும் தள்ளுபடியானது. வக்கீல் தெரிவிக்கவில்லை என்றார் அவர். சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 1998இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது: எத்தனை நாள் என்பதல்ல, காரணம் ஏற்கத்தக்கதா என்பதே கேள்வி. நல்ல தீர்ப்பு. ஆனால் அவரிடம் காட்ட ஒரு காகிதம் இருந்தது. அந்த வக்கீல் 50,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென்ற நுகர்வோர் மன்ற உத்தரவு. 'அண்ணன் சொல்லவில்லை' என்பதற்கு எந்த மன்றம் ரசீது கொடுக்கும்? வீட்டுக்குள் மறைக்கப்பட்ட சேதிக்குச் சாட்சியும் அந்த வீட்டுக்காரர்களே.

இதே சலுகை ஆண்களுக்கும் உதவுகிறது. ஜீவனாம்ச வழக்கில் சம்மனுக்கு ஒளிந்துகொள்பவன் கணவன். உத்தரவு வந்தபின் அவன் நீக்கக் கேட்க 126ஆம் பிரிவு மூன்று மாதம் தந்தது. எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை உள்ளிட்ட நிபந்தனை விதிக்க நீதிபதிக்கு அதிகாரமும் தந்தது. அந்த நிபந்தனையை அவள் தரப்பு வக்கீல் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பாக்கியில் ஒரு பங்கையாவது முதலில் கட்டிவிட்டு வரட்டும்.